மெத்தை மூலை

வெள்ளவத்தை
11.05.2025

அன்புள்ள தாட்சா,

லொறி நாளை விடிய இங்கிருந்து வெளிக்கிடுகிறது. புளியங்குளம் தாண்டியதும் சாரதி உனக்கு போன் எடுப்பார். பாடசாலை அதிபரிடம் சொல்லி இரண்டு மூன்று தகப்பன்மாரை நிறுத்தி வை. சாமான் பாரமில்லை, ஆனால் மேசைகளுக்குச் சில்லு இருக்கிறது. இறக்கும்போது ஒன்று வாய்க்கால் பக்கம் உருண்டு போனால் பிடிக்க ஆள் வேண்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் என் பயத்துக்கு ஒருமுறை எழுதி வைக்கிறேன். நாங்கள் படித்த அதே நாலாம் வகுப்பு அறை. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் செலவை ஏற்றுக்கொண்டார்கள், நான் வடிவமைத்தேன், நீ படிப்பிக்கப் போகிறாய். வலயக் கல்விப் பணிப்பாளர் எங்களுக்குத் தந்திருப்பது இந்த ஒரு தவணை. தவணை முடிவில் வந்து பார்ப்பார். திருப்தி என்றால் அறை நிலைக்கும். இல்லாவிட்டால் இவ்வளவும் டவுனிலுள்ள பெரிய பாடசாலைக்குப் போய்விடும், பழைய நீட்டு வாங்கும் மேசையும் திரும்பி வரும். நீ வலயத்துக்கு அலைந்து அலைந்து கெஞ்சியிராவிட்டால் இந்தத் தவணையும் கிடைத்திராது. கம்பனியில் இது எனக்கென்று தந்த முதல் அறை. அதுவும் எங்கள் அறை. இனி நித்திரை வராது.

என்னென்ன வருகிறது என்று கேட்டாய். ஒரு பக்கம் ஒடுங்கிய மேசைகள். சேர்த்தால் வட்டம், பிரித்தால் தனி. உயரம் கூட்டிக் குறைக்கிற கதிரைகள். ஆடுகிற முக்காலிகள், ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளைகளுக்கு. அவர்களை "ஆடாமல் இரு" என்று ஏசாதே, ஆடத்தான் செய்தது. நின்றுகொண்டு எழுத ஓர் உயர மேசை. பிறகு சுவரோரம் மெத்தை மூலை: கீழே பன்பாய், மேலே கைத்தறி உறை போட்ட தடித்த மெத்தைகள், சாய்ந்திருக்கத் தலையணைகள். அதுதான் என் செல்லப்பிள்ளை.

யாருக்கும் இடம் குறித்துக் கொடுக்காதே. காலையில் வந்து விரும்பின இடத்தில் இருக்கட்டும். அதுதான் இந்த அறையின் சாரமே.

இன்னொன்று. எனக்குப் படம் அனுப்பாதே. படத்தில் தளபாடம் வடிவாகத் தெரியும், பிள்ளைகள் கமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதை வைத்து நான் எதை அறிவது? நீ எழுது. எந்த மேசை அலைகிறது, எது அசையாமல் நிற்கிறது, சோளகக் காற்று எந்த யன்னலால் வருகிறது, யார் யாரோடு இருக்கிறார்கள், எல்லாம் எழுது. போனில் கேட்டால் "எல்லாம் நல்லம்" என்று முடித்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு வாய் நீளம்.

உங்கள் வயலில் என் அப்பாவைக் கண்டால் வெற்றிலையைக் குறைக்கச் சொல்லு. நான் சொன்னால் கேட்கிறார் இல்லை.

தனுஷா


இரணைமடு
25.05.2025

அன்புள்ள தனு,

வாய் நீளம் என்றாய். இந்தா, வாங்கிக்கொள்.

முதல் நாள் உன் மேசைகளை யாரும் மேசையாகப் பார்க்கவில்லை. ஒருத்தன் மேலே ஏறி இருக்க மற்றவன் தள்ள, அறை பஸ் நிலையமாகிவிட்டது. "பரந்தன், பரந்தன், ஏறுங்கோ" என்று கண்டக்டர் குரல் வேறு. அதிபர் சத்தம் கேட்டு வந்தார். மரியாதைக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தார். அது ஆடுகிற முக்காலி என்று நான் சொல்ல முந்தி அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, பாவங்கள், சிரிப்பை விழுங்கிக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாம் கிழமை எல்லாம் அடங்கிவிட்டது. நம்பினால் நம்பு, உன் அறையில் படிப்பு நடக்கிறது. கணக்கு வந்தால் மேசைகளைப் பிரிக்கிறார்கள், சுற்றாடல் பாடத்துக்குச் சேர்க்கிறார்கள், நான் சொல்லவே தேவையில்லை. உயர மேசையில் நின்று எழுதுகிற சாருஜனின் கையெழுத்து திருந்தியிருக்கிறது. அவன் தாயே வந்து கேட்டுவிட்டுப் போனார், ட்யூசனுக்கு விட்டதாலோ என்று.

குறைகளையும் சொல்ல வேண்டுமே. சில்லுகளுக்குள் மணல் போய் இறுகுகிறது. கொழும்பில் நிலம் பளிங்காக இருக்கும், இங்கே பிள்ளைகளின் காலோடு முற்றமே உள்ளே வருகிறது. சோளகம் தெற்கு யன்னலால் அடித்து கொப்பி ஒற்றைகளைப் பறக்க வைக்கிறது. யன்னலுக்குப் பாதி உயரத்துக்குத் தட்டி கட்டலாமா என்று பார்க்கிறேன்.

ஆனால் உன் செல்லப்பிள்ளை தப்பியது மட்டுமில்லை, வென்றேவிட்டது. மெத்தை மூலையை முதல் நாளே தர்மிளாவும் அவளோடு நாலைந்து பேரும் பிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு காலையும் புத்தகப்பையோடு நேரே அங்கேதான் ஓட்டம். காலை நீட்டிக்கொண்டு, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறார்கள். பார்க்கவே ஆசையாக இருக்கிறது. உனக்கு ஒரு மெடல் குத்தலாம்.

உன் அப்பாவிடம் வெற்றிலை விசயம் சொன்னேன். "அவ கொழும்பில இருந்து கொண்டு என்ர வாயில வெத்திலையை எண்ணுறாவோ" என்றார். சிறுபோகத் தண்ணீர் திறந்தாயிற்று, ஆளை வீட்டில் பிடிக்க முடியாது.

தாட்சாயினி


வெள்ளவத்தை
03.06.2025

அன்புள்ள தாட்சா,

சில்லுக்கு வேறு வகை அனுப்புகிறேன், பெரிய றப்பர்ச் சில்லு, மணலுக்குச் சமாளிக்கும். தட்டி கட்டு, ஆனால் வெளிச்சத்தை மறைக்காதே. அதிபரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லு.

உன் கடிதத்தை வாசித்து வாசித்துச் சிரித்தேன். பிறகு ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். மெத்தை மூலையை முதல் நாள் பிடித்தவர்களே ஒவ்வொரு நாளும் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். மற்றப் பிள்ளைகள் ஏன் சண்டைக்கு வரவில்லை?

இதே மூலையைப் போன வருடம் கொழும்பில் ஒரு பாடசாலைக்குச் செய்தோம். அங்கே அடிபிடி. கடைசியில் ஆசிரியை முறை வைத்துத்தான் விட்டார். எந்த ஊர்ப் பிள்ளைக்கும் மெத்தை என்றால் ஆசைதானே. உன் வகுப்பில் மட்டும் அது இல்லையென்றால் நான் எதையோ பிழையாக வைத்திருக்கிறேன். வெயில் படுகிறதா? புழுதியா? கரும்பலகை அங்கிருந்து தெரியவில்லையா?

ஒரு வேலை செய். மூலையை அப்படியே எதிர்ப் பக்கம் மாற்றிப் போடு. அதற்கும் வராவிட்டால் கதைப் புத்தகங்களை எல்லாம் மெத்தைக்குப் பக்கத்தில் வை. என்ன நடக்கிறது என்று எழுது. அறையைக் கீறி, யார் எங்கே இருக்கிறார்கள் என்று பெயரும் போட்டு அனுப்பு.

எனக்கு இது மண்டையைக் குடைகிறது. மற்ற எல்லாம் வேலை செய்கிறதென்றால் இது மட்டும் ஏன்?

தனுஷா


இரணைமடு
15.06.2025

அன்புள்ள தனு,

உன் விசாரணை எனக்கும் தொற்றிவிட்டது. இப்போது நான் வகுப்பில் படிப்பிக்கிறேனா துப்புத் துலக்குகிறேனா என்று எனக்கே தெரியாது.

மூலையை யன்னல் பக்கம் மாற்றினேன். நல்ல காற்று, நல்ல நிழல், வேம்பு தெரிகிறது. காலையில் தர்மிளா ஆட்கள் வந்தார்கள், பழைய இடத்தைப் பார்த்தார்கள், புதிய இடத்துக்குப் போய் இருந்தார்கள். மற்றவர்கள் மேசைகளில். ஒரு மாற்றமும் இல்லை.

பிறகு புத்தகங்களை அங்கே வைத்தேன். இதைத்தான் கவனமாகக் கேள். எல்லாரும் வந்தார்கள். வந்து, குனிந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார்கள். சாருஜனுக்கு யானைக் கதை ஒன்று அகப்பட்டுவிட்டது. போக மனமில்லை. மெத்தைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பாடம் முடியும்வரை வாசித்தான். காலடியில் மெத்தை, அவன் நிற்கிறான். கால் மாற்றி மாற்றி நிற்கிறான், ஆனால் இருக்கவில்லை. "இரு தம்பி" என்றேன். "பரவாயில்லை டீச்சர்" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. கீறல் வைத்திருக்கிறேன், பெயர்களோடு. என் கீறலைப் பார்த்துச் சிரிக்காதே, நான் உன்னைப் போல மொறட்டுவைக் கம்பஸில் வரையப் படித்தவளில்லை.

ஆனால் தனு, ஒன்று கேட்கிறேன். இதை இவ்வளவு தோண்ட வேண்டுமா? போன கிழமை வலயத்திலிருந்து ஒரு அலுவலர் வந்து பார்த்து, படம் எடுத்து, பணிப்பாளருக்கு அனுப்பியிருக்கிறார். மெத்தை மூலையைத்தான் கூடுதலாக எடுத்தார். அதிபர் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். அறை எங்களுக்குத்தான் என்று எனக்கு இப்போது நம்பிக்கை வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது, இருக்கிறார்கள். நீதானே விரும்பின இடத்தில் இருக்க விடச் சொன்னாய்?

தாட்சாயினி


வெள்ளவத்தை
21.06.2025

தாட்சா,

உன் கீறலில் மெத்தையில் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்தேன். தகப்பன் பெயரும் போட்டிருக்கிறாய். எல்லாரையும் எனக்குத் தெரியும். எல்லாரும் கடைசி வாய்க்கால். தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற காணிகள். எங்கள் தாத்தாமார் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய பக்கம். மேசைகளில் எங்கள் ஆட்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. மெத்தையில் உங்கள் ஆட்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. நீயே உன் கையால் எழுதினாய், நீயே பார்க்கவில்லை.

உன்னை மட்டும் ஏசவில்லை. நான் அந்த மூலையை ஒரு வெளிநாட்டுக் கட்டலொக்கைப் பார்த்து வரைந்தேன். அங்கே நிலத்தில் இருப்பது ஒரு சுகம். வேலை முடிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருக்கிற சுகம். எங்கள் ஊரில் நிலத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? வீரபாகுவின் மகள் எனக்கே தெரியாதா? உன் அப்பா சின்னராசா ஐயா வீட்டுக்கு என் அப்பா கூலிக்கணக்குப் பேச வந்தால் எங்கே இருப்பார் என்று நீ சொல்லு பார்ப்போம். நல்ல மெத்தை போட்டு, கைத்தறி உறை போட்டு, அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் இடத்தை நானே காட்டிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு என்மேல்தான் ஆத்திரம்.

நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். சாருஜனிடம் கேள், ஏன் இருக்கவில்லை என்று. தர்மிளாவிடம் கேட்காதே.

தனுஷா


இரணைமடு
02.07.2025

தனுஷா,

உன் கடிதத்தை ஆசிரியர் ஓய்வறையில் வைத்து உடைத்திருக்கக் கூடாது. முகம் மாறியதைப் பார்த்து "ஊரில ஆரும் மோசமோ, செத்தவீடோ" என்று கேட்டார்கள்.

நான் வகுப்பில் ஆள் பார்த்து நடத்துகிறவள் என்கிறாயா? எந்தப் பிள்ளையை நான் குறைத்து நடத்தினேன்? தர்மிளா வாசிப்பில் பின்தங்கியிருந்தபோது பாடசாலை முடிந்து அவளோடு இருந்து வாசிக்க வைத்தது யார்? நீ கொழும்பில் இருந்துகொண்டு ஒரு கீறலைப் பார்த்து என் வகுப்பைத் தீர்த்துவிட்டாய். எங்கள் வீட்டையும் இழுத்துவிட்டாய். உன் அப்பா படியில்தான் இருப்பார். கதிரை போட்டாலும் இருக்கமாட்டார், அவரின் பழக்கம் அது என்று எழுத வெளிக்கிட்டேன். எழுதும்போது யோசித்தேன், யாராவது எப்போதாவது கதிரை போட்டார்களா என்று. எனக்கு ஞாபகம் வரவில்லை. அதனால் அதை எழுதவில்லை.

கோபத்தில் ஒரு கிழமை சாருஜனிடம் கேட்காமலே இருந்தேன். பிறகு கேட்டேன்.

"ஏன் தம்பி அண்டைக்கு நிண்டு வாசிச்சனீர்? மெத்தையில இருந்திருக்கலாமே."

"அது அவையின்ர இடம், டீச்சர்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அவையள்தானே நிலத்தில இருக்கிறவை."

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவன் குரலில். வேம்பு யன்னலுக்கு வெளியே நிற்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். பிறகு, "அம்மாவும் நிலத்தில இருக்க வேண்டாம் எண்டவா, உடுப்பு ஊத்தையாகும் எண்டு" என்று சேர்த்துக்கொண்டான். அந்த மெத்தை உறையை நான் கிழமைக்கு ஒருக்கால் தோய்க்கிறேன்.

அன்று பின்னேரம் தர்மிளாவைக் கதிரையில் இருந்து வாசிக்கச் சொன்னேன். இருந்தாள். கதிரையின் நுனியில், எழும்பச் சொல்லப் போகிறார்கள் என்கிற மாதிரி இருந்தாள். வாசித்து முடித்ததும் மெத்தைக்கு ஓடினாள். இந்த ஓட்டத்தைத்தான் நான் ஆசை என்று உனக்கு எழுதினேன்.

இப்போது சொல்லு, நான் என்ன செய்ய? தவணை முடிய ஒரு மாதம்தான். பணிப்பாளர் படங்களைப் பார்த்துச் சந்தோசமாக இருக்கிறாராம். இதைச் சொன்னால் "விரும்பின இடத்தில் இருக்க விட்டால் இப்படித்தான்" என்று பழைய வாங்கைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டுவிடுவார். சொல்லாவிட்டால் அறை எங்களுக்கு, ஆனால் இப்படிப் பிரிந்து கிடக்கிற அறை. மெத்தையைத் தூக்கி ஸ்டோரில் போட்டுவிடவா? அது சுகமான வேலை.

இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

தாட்சாயினி


வெள்ளவத்தை
08.07.2025

அன்புள்ள தாட்சா,

கோபத்தோடும் எழுதினாயே, அது போதும். வீட்டை இழுத்திருக்க வேண்டாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், இழுத்தது சரிதான் என்று பட்டது. ஆகவே அதை விட்டுவிடுவோம்.

மெத்தையைத் தூக்காதே. தூக்கினால் அந்தப் பிள்ளைகள் கதவோர மேசைக்குப் போவார்கள். பிறகு அது "அவையின்ர மேசை" ஆகும். இடம் குறித்துக் கொடுத்தாலும் நீ பார்க்கும்வரை இருப்பார்கள், மணி அடித்ததும் பிரிவார்கள்.

உன் கீறலைச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேற்றுத்தான் கண்ணில் பட்டது. எல்லாம் கீறியிருக்கிறாய், கரும்பலகை, அலுமாரி, குப்பைவாளிகூட. உன் கதிரையைக் கீறவில்லை. எடுத்து என் வரைபடங்களைப் பார்த்தேன். நானும் கீறவில்லை. எல்லாருக்கும் புதுத் தளபாடம் செய்தேன், ஆசிரியைக்கு ஒன்றும் செய்யவில்லை. நீ இன்னும் அந்தப் பழைய கைபிடிக் கதிரையில்தானே, கரும்பலகைக்கு முன்னால், எல்லாரையும்விட உயரத்தில்? அறையில் பெரிய ஆள் எங்கே இருக்கிறாரோ அதை வைத்துத்தானே மற்ற இடங்களுக்கு விலை.

ஞாபகமா, சண்டையில் இடம்பெயர்ந்துபோய் நாங்கள் மீளக் குடியேறி வந்த வருடம்? அறைக்குக் கூரை இல்லை. இருக்க ஒரு தென்னங்குற்றிதான். டீச்சருக்கும் கதிரை இல்லை, அவவும் அதே குற்றியில்தான் இருந்தா. நான் உன் பக்கத்தில் இருந்தது நீ விரும்பியோ நான் விரும்பியோ அல்ல, வேறு இடம் இருக்கவில்லை. அந்தக் காலம் திரும்பி வரவேண்டாம், குற்றியில் எறும்பு. ஆனால் கூரை வந்து, கதிரை வந்த பிறகும் நீ என் பக்கத்தை விட்டு எழும்பவில்லை. அது ஏன் என்று எனக்கு இப்போது அறிய ஆசையாக இருக்கிறது. அந்த டீச்சர் குற்றியில் இருந்திராவிட்டால் என் பக்கத்தில் இருக்க உன்னை உன் வீட்டில் விட்டிருப்பார்களா?

நீ கீழே வந்து இருந்து பார். மெத்தையில். கொப்பி திருத்துவது, கதை சொல்வது, எல்லாம் அங்கே. என்ன நடக்கிறது என்று எழுது. எனக்கும் தெரியாது என்ன நடக்கும் என்று.

பணிப்பாளரிடம் சொல்வதா என்பதை நீ முடிவு செய். அறை போனால் எனக்கு வலிக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே நிற்கிறவள் நீ.

ஒரு கேள்வி மட்டும். சின்னதில் எத்தனையோ தரம் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நான் எங்கே இருந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

தனுஷா


இரணைமடு
06.08.2025

அன்புள்ள தனு,

மாமரத்தடியில். உன் கேள்விக்கு விடை. எப்போதும் மாமரத்தடியில்தான் இருந்தோம். நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். மழை வந்தால் நீ வீட்டுக்கு ஓடுவாய், உன் வீட்டுக்கு.

இனி அறையின் கதை. சாறியோடு நிலத்தில் இருந்து எழும்புவது ஒரு கலை, எனக்கு இன்னும் வரவில்லை. முதல் நாள் நான் மெத்தையில் போய் இருந்ததும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. தர்மிளா ஆட்கள் எழும்பி நின்றுவிட்டார்கள், இடத்தை எனக்கு விட்டுவிட்டதாக நினைத்து. கையைப் பிடித்து இழுத்து இருத்தினேன். பழைய கைபிடிக் கதிரையில் அலுமாரித் திறப்புக் கோர்வையையும் கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டிப் பெட்டியையும் வைத்துவிட்டேன், வேறு வேலைக்கு உதவட்டும் என்று.

கொப்பி திருத்த வேண்டுமென்றால் என் பக்கத்தில் வந்து இருக்க வேண்டும் என்றேன். சாருஜன் எல்லாரும் வந்துபோகும்வரை வராமல் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து, ஒற்றைக் காலை மடக்கி, பாதி இருந்து பாதி இராமல் கொப்பியைக் காட்டினான். கழித்தல் கணக்குப் பிழை. திருத்த நேரமெடுத்தது, அல்லது நான் நேரமெடுத்தேன். அதற்குள் முழுதாக இருந்துவிட்டான். தர்மிளா அவன் கொப்பியை எட்டிப் பார்த்து, "கடன் எடுக்க மறந்திட்டாய்" என்றாள். அவனுக்கு ரோசம். அவளின் கொப்பியைக் காட்டச் சொன்னான். இருவரும் அரை மணி நேரம் சண்டை. இவ்வளவு நல்ல சண்டையை நான் பார்த்ததே இல்லை.

இரண்டாம் கிழமை மெத்தைக்கு அடிபிடி தொடங்கியது. நீ சொன்ன கொழும்புப் பாடசாலை மாதிரியே. முறை வைக்க வேண்டி வந்தது. நான் சந்தோசத்தில் அழாத குறை. சாருஜனின் தாய் வந்தார். "டீச்சர் நிலத்தில இருந்தா பிள்ளையள் என்னண்டு மதிக்கும்?" என்று கேட்டார். "வந்து இருந்து பாருங்கோ அக்கா" என்றேன். இருக்கவில்லை. வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

நேற்றுப் பணிப்பாளர் வந்தார். அதிபர் விடியவே வந்து என் பழைய கதிரையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, கரும்பலகைக்கு முன்னால் வைத்துவிட்டார். பணிப்பாளர் உள்ளே வந்தார், சுற்றிப் பார்த்தார். "படத்தில பாத்தனான். நல்லம். எனக்கு முழுத் திருப்தி" என்றார். அறை கைக்குள் வந்துவிட்டது, தனு. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

"சேர், அந்தப் படம் எடுக்கேக்க அறை சரியா இருக்கேல்லை" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். யார் மெத்தையில் இருந்தார்கள், யார் இருக்கவில்லை, சாருஜன் சொன்னது, நான் பார்க்கத் தவறியது, கொழும்பிலிருந்து நீ கண்டுபிடித்தது. அதிபர் எனக்குப் பின்னால் நின்று இருமிக்கொண்டே இருந்தார். பணிப்பாளரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் வெள்ளைத் துணிக் கதிரைப் பக்கம் திரும்பினார், இருக்க.

அப்போது தர்மிளா எழும்பினாள். அன்று அவள் மேசையில், கதிரையில் இருந்தாள், நன்றாகச் சாய்ந்து. எழும்பிப் போய் மெத்தையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, "சேர், அதில இருக்காதேங்கோ, அது வெண்கட்டி வைக்கிறது. இஞ்ச இருங்கோ, இதுதான் நல்ல இடம்" என்றாள்.

பணிப்பாளர் கதிரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. போய் இருந்தார்.

பக்கத்தில் இருந்த சாருஜனிடம் கேட்டார். "தம்பிக்கு எங்க இருக்க விருப்பம்? கதிரையிலயோ, இதிலயோ?"

"டீச்சர் இருக்கிற இடத்தில, சேர்."

"டீச்சர் திரும்பக் கதிரைக்குப் போனா?"

அவன் யோசித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்ப நானும் போயிடுவன், சேர்."

பணிப்பாளர் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப உங்கட வேலை முடியேல்லை. நீங்கள் இல்லாமலும் இவன் தன்ர எண்ணத்தில இதில வந்து இருக்கிற நாள் வருமட்டும் இந்த அறை இருக்கட்டும்" என்றார். எழும்ப முடியவில்லை அவரால். தர்மிளா ஒரு கை, சாருஜன் ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

அறை எங்களுக்கு, தனு.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். நேற்றுப் பின்னேரம் உன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார், தண்ணீர் முறை பற்றி என் அப்பாவோடு கதைக்க. நான் கதிரை கொண்டுபோய் வைத்தேன். "வேண்டாம் பிள்ளை, சேத்துக் கால்" என்று படியில் இருந்தார். நானும் படியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அம்மா தேத்தண்ணியோடு வந்தா. இரண்டு கப் கையில், ஒன்று வீட்டுக் கப், ஒன்று கூலிக்கு வருகிறவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிற அந்தக் கப். எந்தக் கப்பை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றா. நான் கையை நீட்டி அந்தக் கப்பை எடுத்துக் குடித்தேன். வீட்டுக் கப் உன் அப்பாவின் கைக்குப் போனது. அம்மா உள்ளே போனா. இரவு நான் படுக்கப் போகும்போது, "வீரபாகுவின்ர பெட்டை எப்ப வாறாளாம்? வந்தா சாப்பிட்டுத்தான் போகவேணும் எண்டு எழுது" என்றா.

எழுதிவிட்டேன்.

தாட்சாயினி


வெள்ளவத்தை
13.08.2025

அன்புள்ள தாட்சா,

கடிதத்தைக் கம்பனிக் கந்தோரில் வைத்து வாசித்தேன். பக்கத்து மேசைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அறை நிலைத்ததற்கா அழுதேன், அந்தக் கப்புக்கா என்று அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியைக்கும் ஒன்று வரைந்திருக்கிறேன். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம், சாய முதுகு, எழும்பக் கைபிடி, சாறி மிதிபடாமல் முன்பக்கம் திறந்தது. அடுத்த தவணைக்கு அனுப்புவேன். பணிப்பாளருக்கும் ஒன்று செய்யலாம் போலிருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வருகிறேன். சனிக்கிழமை அறையைப் பார்க்க வேண்டும், பிள்ளைகள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிறு மதியம் உங்கள் வீடு.

நான் எத்தனையோ வீடுகள் அளந்திருக்கிறேன். கொழும்பில் முன்பின் தெரியாதவர்களின் குசினிக்குள் போய், அடுப்பு எங்கே, கழுவும் தொட்டி எங்கே, எந்தப் பக்கம் வெளிச்சம் என்று குறித்திருக்கிறேன். உன் வீட்டின் உள்பக்கம் எனக்குத் தெரியாது. மாமரத்திலிருந்து கிணறுவரைதான் என்னால் வரைய முடியும். குசினிக்கு யன்னல் இருக்கிறதா? உன் கமலாசனி அம்மா எதில் இருந்து தேங்காய் திருவுகிறா? சின்னதில் புகை வருவதைப் பார்த்து அங்கே என்ன இருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறாய். எந்த இடத்தில் இருந்து சாப்பிடுவது என்று எழுதவில்லை. அம்மாவிடம் கேட்காதே, நீயும் சொல்லிக் கொடுக்காதே. அவவாகவே ஓர் இடத்தைக் காட்டட்டும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

தனுஷா